ஒரு மூட்டை சோளமடல்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் மடல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மக்காச்சோளக் கதிரை உரித்துவிட்டு மேல்மடலை நாம் குப்பையில் வீசுகிறோமே, அதில் மாவைப் பொதிந்து ஆவியில் வேகவைத்து விற்கிறவர். அதற்கு முன்னால் அவருக்கு வேறு வேலை இருந்தது. ஒரு பெரிய சலவைக் கூடத்தில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் விரிப்புகளும் மலைமலையாக வந்து அவர் கொடுக்கிற ஆவியில் வெந்து வெளுத்துப் போகும். கூடத்தை இழுத்து மூடிய அன்று முதலாளி கையைக் குலுக்கினார், அதோடு சரி. மனிதர் வீட்டுக்கு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். "துணியை வேக வெச்ச கை, மாவை வேக வைக்காதா? எந்திரிங்க" என்று மனைவிதான் அவரை அடுப்படிக்கு இழுத்து வந்தாள்.

மடலில் பொதிகிற யோசனையும் அவளுடையதுதான். அவளுடைய தம்பி, அதாவது மடல்காரரின் மைத்துனன், பஸ் நிலையத்து வாசலில் தள்ளுவண்டியில் சோளக்கதிர் சுட்டு விற்றான். நாளெல்லாம் உரித்த மடல் வண்டிக்குப் பின்னால் குவியும். குப்பை அள்ளுகிறவர்கள் அவனை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். ஒருநாள் அக்கா ஒரு சாக்கோடு போய் அவன் முன்னால் நின்றாள்.

"இந்தக் குப்பையை எனக்குக் குடுடா. உனக்குத் திட்டு மிச்சம், எனக்கு இலை மிச்சம்."

முதலில் ஒரே கூத்து. மடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டு நாரைச் சரியாக எடுக்கத் தெரியவில்லை. பக்கத்துத் தெரு அச்சுக்கூடத்தின் ஃபோர்மன் பொதியைப் பிரித்து, நீளமாக ஒன்றை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது யாரோட முடி?" என்று அதட்டினார். மடல்காரருக்கு அப்போதே தலை பாதி காலி. "என் தலையைப் பாத்துட்டுக் கேளுங்க சார்" என்று தப்பித்தார். அந்த ஃபோர்மனே பிறகு தினமும் முதல் ஆளாக வந்து நின்றார் என்பது வேறு விஷயம்.

போகப்போகக் கை பழகியது. பச்சை மடலை அப்படியே துடைத்து எடுக்கலாம். காய்ந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அது மிதக்கும், ஒரு தட்டை மேலே கவிழ்த்து அமுக்கி வைக்க வேண்டும். வழவழப்பான உள்பக்கம்தான் மாவைத் தொட வேண்டும். மாறிப்போனால் வரியோடிய வெளிப்பக்கத்தில் மாவு அப்பிக்கொண்டு உயிரை வாங்கும். இரு பக்கமும் மடித்து, கூரான வாலை மேலே மடக்கி, மடலிலேயே கிழித்த நாரால் ஒரு கட்டு. பாத்திரத்தில் வாய் மேலே இருக்கும்படி நிற்க வைத்தால் போதும். பிரிக்கும்போது மடல் தானாகக் கழன்று வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் கிழியாத அகலமான மடல் வேண்டும். அதற்கு ஒரு வெட்டு இருக்கிறது. கதிரின் அடியில், காம்புக்குச் சற்று மேலே கத்தியை வைத்துச் சுற்றிலும் ஒரு வெட்டு. அப்புறம் மடல்கள் ஒவ்வொன்றாக, அடி அகலம் குறையாமல், கிண்ணம் மாதிரி கழன்று வரும். நுனியைப் பிடித்து இழுத்தால் கீற்றுக் கீற்றாகக் கிழியும். கதிர் சுடுகிறவனுக்கு இந்த வெட்டு நஷ்டம்தான். காம்பை விட்டால்தானே வாங்குகிறவன் விரல் சுடாமல் பிடித்துக் கடிப்பான்? அக்காவுக்காகத் தம்பி காம்பை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கதிரிலும் ஒரு குச்சியைச் செருகிக் கொடுத்தான். "உன்னால நான் குச்சி வியாபாரி ஆயிட்டேன்க்கா" என்று ஊர் கேட்கப் புலம்புவான். புலம்பினானே ஒழிய, ஒருநாளும் கிழிந்த மடலை அக்கா வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் அவள் நோயில் விழுந்தாள். சிறுநீரகம். உப்பைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்றார் மருத்துவர். மடல்காரர் பாய்லர் பார்த்த மனிதர். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. உப்பில்லாத பொதியைப் பிரித்து ஊட்டுவார். அவள் ஒரு வாய் வாங்கிவிட்டு, "மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். தம்பி வந்து உட்காருகிற நாட்களில் மட்டும் தட்டு காலியாகும். பேச்சுத்துணை இருந்தால் சாப்பிடுகிறாள் போல என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அவள் இறந்த அன்று தலையணையைத் தூக்கியபோது அடியில் ஒரு முடிச்சு கிடந்தது. சின்ன மடல் துண்டு, நாரால் இறுக்கிய கட்டு, உள்ளே கொஞ்சம் உப்பு. வீடு முழுக்க ஆட்கள். மைத்துனன் அக்காவின் காலடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். மடல்காரர் அந்த முடிச்சை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீதான்டா கொன்னே. உன் அக்காவை நீதான் கொன்னே."

அந்தச் சிட்டிகை உப்பால் எதுவும் ஆகியிருக்காது, காரியம் எப்போதோ கைமீறிவிட்டது என்று மருத்துவரே பின்னால் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் மடல்காரருக்குத் தெரியும். சொல்லும்போதே தெரியும். அவள் போய்விட்டாள், யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, கைக்கு எட்டிய இடத்தில் அவன் இருந்தான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நாலு பேர் நடுவில் சொன்னது சொன்னதுதானே.

மைத்துனன் அதற்குப் பிறகு அந்த மாடிவீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் மூட்டை நிற்கவில்லை. தினமும் விடிகிற வேளையில் படிக்கட்டின் அடியில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். பின்னாலேயே ஒரு செருமல். இவர் இறங்கிப் போவதற்குள் ஆள் தெருமுனையைத் தாண்டியிருப்பான். மூட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு மடலும் அடியில் வெட்டியது, முழுசு. வருஷங்கள் இப்படியே போயின. ஒருவன் வைத்துவிட்டுப் போனான், ஒருவர் எடுத்துக்கொண்டு ஏறினார். ஒரு வார்த்தை கிடையாது.

தனியாக இருப்பது எப்படி என்று மடல்காரர் கற்றுக்கொள்ளவே இல்லை, பாவம். வேகவைக்கிற பாத்திரம் இரண்டு ஆள் தூக்குகிற அளவு பெரியது. பாதிக்கும் குறைவாகத்தான் நிரப்புவார், ஆனாலும் சின்னதாக ஒன்று வாங்க மனம் வரவில்லை. மூடியைத் திறக்கும்போது பழக்கதோஷத்தில் "இந்தா, பிடி" என்று வலப்பக்கம் நீட்டிவிடுவார். பிடிக்க ஆள் இல்லாமல் மூடியிலிருந்து தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டும். ரேடியோவை நாள் முழுக்கப் பேசவிட்டிருந்தார், என்ன பேசுகிறது என்று கேட்டதில்லை. மதியம் அச்சுக்கூடத்தில் பொதியை விற்றுவிட்டுத் திரும்பினால், அதற்குப் பிறகு இருட்டும் வரைக்கும் செய்ய ஒன்றும் இருக்காது. அந்த நேரம்தான் அவரைத் தின்றது. "காரம் கூடப் போச்சே", "சூடா இருக்கா?", "இன்னொண்ணு குடுங்க". ஒரு நாளில் அவர் காதுக்கு வருகிற பேச்சு முழுவதும் பொதியைப் பற்றியது. அவரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு இந்த உலகத்தில் பாக்கியிருந்த காரியம் அது ஒன்றுதான். பெரிய மன்னிப்பெல்லாம் யோசித்துப் பார்த்து, எல்லாம் நாடகம் மாதிரி இருந்ததால் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு வரியில் வந்து நின்றிருந்தார்: "மாப்ளே, மேல வா, டீ குடிச்சிட்டுப் போ." விடியற்காலையில் கீழே செருமல் கேட்கும். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வரி நாக்கு நுனியில் இருக்கும். காலடிச் சத்தம் தேய்ந்து மறையும். சரி, நாளைக்கு என்று அடுப்பைப் பற்றவைக்கப் போவார். ஒரு ஜன்னலிலிருந்து குரல் கொடுக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று நாம் கேட்கலாம். கல்லுளிமங்கனிடம் கேட்டு என்ன பயன்?

மழை விட்ட ஒரு காலையில் மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. செருமல் கேட்கவில்லை.

இறங்கிப் போய்ப் பிரித்தார். எல்லாம் கிழிசல். நுனியிலிருந்து பிடித்துப் பிய்த்த கீற்றுகள். சிலவற்றில் காம்பே ஒட்டிக்கொண்டிருந்தது, காம்பில் பல் பட்ட தடம் வேறு. எலி கடித்ததைக்கூட அள்ளிப் போட்டிருக்கிறான்! மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

மடல்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆக, இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொல்லிவிட்டான். உனக்கு இதுதான் மரியாதை என்று முகத்தில் விசிறிவிட்டான். கிழிந்த மடலில் ஒரு மனிதர் இவ்வளவையும் படிப்பாரா என்றால், படிப்பார். அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரே பேச்சு அந்த மடல்தான். அது மாறியதும் அவருக்கு உலகமே மாறிவிட்டது.

"நானும் லேசுப்பட்டவன் இல்லை" என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் அலுமினியத் தாள் வாங்கி வந்தார். மாவை அதில் பொதிந்தார். அச்சுக்கூடத்து ஃபோர்மன் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மடல்காரரே, வெள்ளிச் சட்டை போட்டுட்டு வந்திருக்கு? அந்த வாசனையே இல்லையே. மருந்துக்கடை பொட்டலம் மாதிரி இருக்கு" என்றார். "பிடிச்சாச் சாப்பிடுங்க, இல்லாட்டி விடுங்க" என்று இவர் வள்ளென்று விழுந்தார். அன்று மிச்சமானதை வீட்டில் தனியாக உட்கார்ந்து தின்றார். ஃபோர்மன் சொன்னது சரிதான் என்பது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கீழே மூட்டை வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை, வைத்தவன் கண்ணில் படட்டும் என்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியடியில் ஏறி, மழை ஈரத்தில் புழுங்கி வாடை அடித்தது. பிறகு ஒரு காலையில் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. "விட்டது தொல்லை" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அறையில் அது சரியாக ஒலிக்கவில்லை. விடியற்காலையில் கண் விழித்துவிட்டு, வராத சத்தத்துக்காகப் படுத்தபடி காத்திருந்தார். தனக்காக இந்த ஊரில் ஒருவர் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் நின்றுபோய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று இறங்கும்போது கீழ்க்கடைத் தையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க மூட்டையை எப்ப எடுக்கப் போறீங்க? என்கிட்ட துணி தைக்க வர்றவங்க, உள்ளே ஏதாவது செத்துக் கெடக்கான்னு கேக்கறாங்க."

"நான் வெக்கல. வெச்சவனைக் கேளுங்க."

"வெச்சவனா? வெச்சது ஒரு அம்மா. தெனமும் வந்து போட்டுட்டு, பழைய மூட்டையைப் பாப்பாங்க. அப்புறம் உங்க ஜன்னலைப் பாப்பாங்க. ஒண்ணும் பேசாமப் போயிடுவாங்க."

மடல்காரர் பொதிக் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

வண்டியில் மைத்துனன் மனைவி நின்று கதிர் சுட்டுக்கொண்டிருந்தாள். கதிர்களில் குச்சி இல்லை, காம்பு இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். விசிறியை நிறுத்தவில்லை.

"ஒண்ணு சுடவா அண்ணே?" என்றாள், யாரோ வழிப்போக்கனைக் கேட்கிற மாதிரி.

"தங்கச்சி, அவன் எங்க?"

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவர் ஒரு கதிரை எடுத்துக் காம்பைத் தடவினார். கரி படபடவென்று வெடித்தது. அவளுக்கே தாங்கவில்லை போலிருக்கிறது.

"வலப்பக்கம் அப்படியே விழுந்திருச்சு அண்ணே. கையும் போச்சு, காலும் போச்சு, பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் மொத வேலையா ஜாடையில கத்தியைக் கேட்டாரு. எடது கையில கத்தி நிக்கல. அப்புறம் கதிரை ரெண்டு முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, எடது கையாலயும் பல்லாலயும் பிச்சுப் பிச்சு மூட்டையில போட்டாரு. கொண்டுபோய் வைன்னு விரலைக் காட்டுவாரு. நானும் வெச்சேன்."

"பல்லாலயா?" என்றார் மடல்காரர். எலித் தடம் என்று அவர் வைத வசவெல்லாம் ஞாபகம் வந்தது.

"நீங்க எடுக்கல. எடுத்துட்டாருன்னு நான் அவர்கிட்டப் பொய் சொன்னேன். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போனோம், உங்க தெரு வழியா. அவரே பாத்துட்டாரு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாக் கெடக்கறத. அன்னையிலேர்ந்து கதிரைத் தொடல. சோறும் சரியா எறங்கல. அக்காவுக்குச் சொன்ன மாதிரியே இவருக்கும் உப்பு ஆகாதுன்னுட்டாரு டாக்டரு. எதை வெச்சாலும் தள்ளி விட்டுடறாரு." அவள் கதிரைத் திருப்பிப் போட்டாள். "போய்ப் பாருங்க. கதவு தொறந்துதான் இருக்கும்."

அவர் போனார். கட்டிலில் மைத்துனன் ஒருக்களித்துக் கிடந்தான். பாதி முகம் அவனுடையது, பாதி யாருடையதோ. வருஷக்கணக்காக நாக்கு நுனியில் வைத்திருந்த வரி இப்போது எதற்கும் உதவாது. மேலே வரக் கால் இல்லாதவனை மேலே வா என்று எப்படிக் கூப்பிடுவது?

"அன்னைக்குச் சொன்னது தப்புடா. நீ ஒண்ணும் பண்ணல. எனக்கு அப்பவே தெரியும்."

சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மைத்துனன் கண்ணில் நீர் கோத்தது. ஆனால் அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். பேச முடியாததால் திரும்பினானா, பேச விருப்பமில்லாமல் திரும்பினானா? கேட்டால் சொல்ல அவனுக்கு வாயில்லை. மடல்காரர் அந்த முதுகைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். திரும்பும் வழி முழுக்க, தெருவில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் இல்லாத மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினார். பாதிக்குமேல் பூஞ்சை பிடித்துவிட்டது. மிச்சத்தைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு கீற்றாக எடுத்துத் துடைத்தார். பல் பட்ட காம்புகளைத் தூக்கி எறிய மனம் வராமல் ஜன்னல் திட்டில் வைத்தார். கிழிந்த மடலில் பொதிய முடியாது என்று இத்தனை நாள் நினைத்தது பொய். ஒரு கீற்றின்மேல் இன்னொன்றை ஏற்றி, குறுக்கே ஒன்றைக் கொடுத்து, நடுவில் இன்னொரு கட்டுப் போட்டால் பிடித்துக்கொள்கிறது. நேரம்தான் ஆகும். அவரிடம் நேரத்துக்கா பஞ்சம்?

மறுநாள் உப்பில்லாமல் பிசைந்த மாவைத் தனியாகப் பொதிந்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். அடுப்படியில் நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னவோ செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக இறங்கினார்.

மைத்துனன் மனைவி அன்று வீட்டில்தான் இருந்தாள். "எதுவும் எறங்காது அண்ணே, பாருங்க" என்று தட்டை வைத்தாள். மடல்காரர் அவனைச் சாய்த்து உட்கார வைத்து, பொதியை அவன் மடியில் வைத்தார். மைத்துனன் அதைப் பார்த்தான். இடது கையால் மடலைத் தடவினான். கிழிசலும் கிழிசலும் ஒட்டிய இடத்தில் விரல் நின்றது. தான் பிய்த்த மடல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக நாரை இழுத்துப் பிரித்தான். மடல் ஒட்டாமல் கழன்று வந்தது.

இவர் ஒரு வாய் எடுத்து ஊட்டினார். அவன் மென்றான். மென்றுகொண்டே மச்சானைப் பார்த்தான். பிறகு அவன் அக்கா திருப்பிக்கொண்ட மாதிரியே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சி, கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?" என்றார் மடல்காரர்.

அவள் உள்ளே போனாள். இவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சின்ன முடிச்சு ஒன்றை எடுத்தார். மடல் துண்டு, நாரால் இறுக்கிய கட்டு. அதை அவிழ்த்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தச் சரசரப்பைக் கேட்டுத் திரும்பினான். முடிச்சைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான்.

மடல்காரர் ஒரு சிட்டிகை எடுத்துப் பொதியின்மேல் தூவினார்.

"மூச்சு விடாதே மாப்ளே. தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவனைப் பார்த்தார். மைத்துனனின் முகத்தில் பாதி சிரித்தது. தொண்டையிலிருந்து ஒரு செருமல் வந்தது, விடியற்காலையில் ஜன்னலுக்குக் கீழே இத்தனை வருஷம் கேட்ட அதே செருமல்.

"இருக்கேன்டா, இங்கதான் இருக்கேன்" என்றார் மடல்காரர்.

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. முடிச்சை அவசரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த வாயை எடுத்தார். மைத்துனன் வாயைத் திறந்தான்.